குப்பைக்குழி ஓரத்துப் பருத்திச் செடி

கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாமகிரிப்பேட்டைக்கு என்னை அனுப்பியதற்கு வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது. நாங்கள் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். சட்டையின் கழுத்துப் பட்டியில் 'இயற்கை முறையில் விளைந்தது, மரபணு மாற்றாத பருத்தி' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்தப் பருத்தியில் ஒரு பங்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயிகள் சங்கத்திடமிருந்து வருகிறது. போன தடவை வந்த பஞ்சில் மரபணு மாற்றிய பருத்தி கொஞ்சம் கலந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு சோதனைச் சாமான்கள் இருந்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். "உன் ஆட்கள்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். என் ஆட்களை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என் கொள்ளுத் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் நாளே சொதப்பினேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் என்று ஒன்று விற்றார்கள். தட்டையான இரண்டு வடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் காரட்டும் காரச் சட்னியும். ஒன்று தின்றுவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு தின்றேன். வயிறு நிறைந்த தூக்கத்தில், இறங்க வேண்டிய ராசிபுரத்தைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது பஸ் நாமக்கல்லில் நின்றது.

சங்கத்தின் செயலாளர் முருகேசனுக்குப் போன் செய்தேன். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க. நம்மூரு வண்டி ஒண்ணு மக்காச்சோளம் எறக்கீட்டு அங்கதான் நிக்குது. அதுலயே ஏறி வந்துருங்க" என்றார். அரை மணி நேரத்தில் ஒரு சிறிய சரக்கு வண்டி என் முன்னால் வந்து நின்றது. இதற்கு இங்கே குட்டியானை என்று பெயர். டிரைவர் இறங்கி, முன் சீட்டில் ஒட்டியிருந்த சோளத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, "ஏறுங்க சாமி" என்றார்.

வழியெல்லாம் கோழிப் பண்ணைகள். நீள நீளமான கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் கூண்டுகள். காற்று மாறி அடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டை இங்கிருந்து கப்பலில் எங்கெங்கோ போகிறதாம். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று டிரைவர் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஒரு வருசம் சோயாப் புண்ணாக்கு கெடைக்காம கோழிக்காரங்க தவிச்சாங்க. அப்பக் கப்பல்ல வெளிநாட்டுச் சரக்கு வந்துச்சுங்க. அது மரபணு மாத்துனதுன்னு டிவில பெரிய சண்டை. கோழி அதக் கேட்டுச்சுங்களா? முட்டை திங்கறவங்கதான் கேட்டாங்களா? பருத்திய ஆரும் திங்கப் போறதில்ல, அதுக்குப் போயி இத்தன தூரம் வந்திருக்கீங்க!"

எங்கள் ஊரிலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை செம்பனைதான். எண்ணெய் உலகமெல்லாம் போகிறது. அந்த மரத்துக்கு என்ன உரம் போட்டார்கள் என்று நான் இதுவரை ஒருவரையும் கேட்டதில்லை. பேச்சை மாற்றி, இங்கே பள்ளிபாளையம் சிக்கன் எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்தேன்.

முருகேசனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் தடித்த டைரி. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து செயலாளர் அவர்தான். உறுப்பினர் இருபத்து மூன்று பேர். இவர்கள் மூன்று வருடம் பூச்சி மருந்தையும் ரசாயன உரத்தையும் கையால் தொடாமல் காத்திருந்து, பிறகுதான் இயற்கைச் சான்று வாங்கியிருக்கிறார்கள். சான்று தனித்தனி ஆளுக்குக் கிடையாது, சங்கத்துக்கு மொத்தமாக ஒன்றுதான். ஒருவர் தெரிந்தே தப்பு செய்தால் அவரை நீக்க வேண்டும். மறைத்தால் எல்லோருக்கும் சான்று போய்விடும்.

"எங்கிட்ட மறைக்கற பழக்கமே இல்லீங்க" என்றார் முருகேசன். "உங்க கம்பெனி கடுதாசி வந்த ஒடனே நானே ஒவ்வொரு காடாப் போயிக் கொஞ்சம் கொஞ்சம் தழை எடுத்து சோதிச்சனுங்க. ஒரே ஒரு காட்டுலதான் மாட்டுச்சு. ருக்குமணீன்னு ஒரு அம்மிணி. வெத நாங்க கொடுத்தது, சோதிச்சுத்தான் கொடுத்தோம். அப்பறம் எப்படி வந்துச்சு? அதுக்குப் பக்கத்துக் காடு அந்த அம்மிணியோட கொழுந்தனாருது. அவரு போடறது பிடி பருத்தி. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

பிடி பருத்தி என்பதுதான் மரபணு மாற்றிய பருத்தி. காய்ப்புழு கடித்தால் செத்துப்போகும்படி செடிக்குள்ளேயே ஒரு விஷத்தை வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கடைகளில் கிடைக்கும் பருத்தி விதை ஏறக்குறைய எல்லாமே அதுதான் என்றார் முருகேசன். இந்தச் சங்கம் பழைய ரக விதையைத் தானே எடுத்து வைத்து, வருடா வருடம் பங்கிட்டுக் கொள்கிறது.

இரண்டாம் நாள் காலை சந்தகை என்கிற இடியாப்பமும் நாட்டுச் சர்க்கரை கலந்த தேங்காய்ப்பாலும். எங்கள் ஊரில் காலையில் பார்ப்பவர்களை 'பசியாறியாச்சா' என்று கேட்போம். இங்கே 'சாப்டீங்களா' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இலையைப் போட்டுவிடுகிறார்கள். அன்று காலையில் மட்டும் மூன்று வீட்டில் சாப்பிட்டேன். மூன்றாவது வீட்டில் முடியாது என்று சொன்னதற்கு அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், அப்புறம் சாப்பிட்டேன்.

பிறகு காட்டுக்குப் போனோம். இந்த ஊரில் மேட்டு நிலத்தைக் காடு என்கிறார்கள். ருக்குமணியின் காடு கொல்லிமலை தெரிகிற மாதிரி ஒரு சரிவில் இருந்தது. மார்கழி மாதம் என்றாலும் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. செடிகள் என் இடுப்பு உயரம். அடியில் சில காய்கள் வெடித்து வெள்ளையாகத் தெரிந்தன.

ருக்குமணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர், வடநாட்டில் எங்கோ துளை போட்டுக்கொண்டிருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார். காட்டு வேலை முழுக்க இவர் தலையில். நான் வணக்கம் சொன்னேன். "வாங்க" என்றார். அதோடு சரி.

என் வேலை எளிது. இலையைக் கிள்ளிச் சின்னக் குப்பியில் போட்டுத் தண்ணீர் விட்டு நசுக்க வேண்டும். அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தினால் கோடு விழும். ஒரு கோடு விழுந்தால் சாதாரணப் பருத்தி. இரண்டு கோடு விழுந்தால் பிடி. களை எடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு கோடுன்னா எங்கூட்ல சக்கரைப் பொங்கல் வெப்போமுங்க" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ருக்குமணி சிரிக்கவில்லை.

நாற்பது செடி பார்த்தேன். ஐந்தில் இரண்டு கோடு விழுந்தது. ஒரு விஷயம் அப்போதே கண்ணில் பட்டது. ருக்குமணி கயிறு பிடித்து நேர்க்கோட்டில் விதை ஊன்றியிருந்தார். இரண்டு கோடு காட்டிய ஐந்தும் வரிசை தப்பி, இரு வரிசைக்கு நடுவில் நின்றன. இது என்ன என்று கேட்டேன். "தானா மொளச்சுதுங்க. மொளச்ச செடியப் புடுங்க மனசு வல்லே, உட்டுட்டன்" என்றார். முருகேசன் என்னைப் பார்த்து, 'கேட்டீங்களா' என்பதுபோல் தலையை ஆட்டினார். நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வேப்பமர நிழலில் ஒரு பானை, அதன்மேல் கவிழ்த்த சொம்பு, பக்கத்தில் மூடி போட்ட தூக்குவாளி. களை எடுத்த பெண்கள் போய்ப் போய்க் குடித்தார்கள். முன்பின் தெரியாத வீட்டில் எல்லாம் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்ட இந்த ஊரில், ருக்குமணி மட்டும் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. தப்பும் செய்துவிட்டுத் திமிரைப் பார், என்று மனதுக்குள் திட்டினேன்.

பக்கத்துக் காட்டிலிருந்து ஒருவர் இளநீரோடு வந்தார். அவர்தான் கொழுந்தனார் ஈஸ்வரன். கலகலப்பான மனிதர். என்னைத் தன் வரப்பில் உட்கார வைத்து இரண்டு இளநீர் சீவிக் கொடுத்தார்.

"பிடி வர்றதுக்கு முன்னால, வாரத்துக்கு வாரம் மருந்தடிக்கோணுமுங்க. ஒருக்கா மருந்தடிக்கயிலே மயக்கம் போட்டு உளுந்துட்டன். நங்கைதான் ஆளுகளக் கூட்டியாந்து தூக்கீட்டுப் போனாங்க." அண்ணன் மனைவியை இங்கே நங்கை என்று சொல்கிறார்கள். "பிடி போட்டப்பறம் நாலஞ்சு வருசம் நிம்மதியா இருந்தனுங்க. அத எப்படி நான் கெட்டதுன்னு சொல்ல முடியும்? இப்ப ரோஸ் கலர்ல ஒரு புழு வருது, அது இதுக்குச் சாகறதில்ல. மறுபடியும் மருந்தடிக்கறன். நங்கைக்குப் பஞ்சு எடுப்பு கொறவுதான், ஆனா மருந்துச் செலவில்ல, மயக்கமில்ல. அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்குத் தெரியும்."

ருக்குமணி உங்களிடம் விதை வாங்கினாரா என்று நேராகவே கேட்டேன்.

"ஒரு கொட்டை வாங்கலீங்க. வாங்கியிருந்தா நான் எதுக்கு மறைக்கப் போறன்? நம்ப மாட்டேங்கறாங்க. இந்த முருகேசன் கோயிலுக்கு முன்னால வெச்சுச் சொல்ல, எல்லாருங் கையத் தட்டுனாங்க. அதுல இருந்து ஊருக்குள்ள ஆரும் நங்கைகூட முகங் கொடுத்துப் பேசறதில்ல. கோயில் பொங்கலுக்குக்கூட தனியா ஒரு ஓரத்துல அடுப்பு வெச்சாங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கலகலப்பு இல்லை.

மாலை நான்கு மணிக்குச் சங்கத்தின் பஞ்சுக் கிடங்கில் கூட்டம். உறுப்பினர்கள் வந்து சாக்குகள்மேல் உட்கார்ந்தார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். முருகேசன் எழுந்து, ருக்குமணியை நீக்கிவிடலாம் என்றார். யாரும் மறுப்பு சொல்லவில்லை. கதவோரம் நின்றிருந்த ருக்குமணியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். "நான் வாங்கலீங்க" என்றார். பிறகு, "பால் கறக்க நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுதிருந்தால் எனக்கு இரக்கம் வந்திருக்கும். அழாததால் எரிச்சல்தான் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'ஒரு காடுதானே? அதை எடுத்துவிட்டு மற்றதை அனுப்பச் சொல்.' என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முருகேசன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி பூங்கொடி அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தார். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, மேலே நெய் விட்டு, தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு இதை நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட அந்த மணம் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். ஒரு பக்கம் எருமை கட்டியிருந்தது. அதற்கு எதிரே குப்பைக்குழி. சாணமும் கூளமும் போட்டு மக்க வைத்து, சித்திரையில் அள்ளிக் காட்டில் கொட்டுவார்களாம். ரசாயன உரம் போடாத ஊரில் இந்தக் குழிதான் உரக்கடை. குழியின் ஓரத்தில் என் தலையைத் தாண்டிய உயரத்தில் ஒரு பருத்திச் செடி நின்றது. அடிமரம் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. பூங்கொடி அதிலிருந்து வெடித்த காயைப் பறித்து, கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டுப் பஞ்சை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையல்லங்க, வெளக்குக்குத் திரி" என்றார். "கடையில வாங்கறதில்லீங்க. இங்க எல்லாரு ஊட்லயும் குப்பக்குழி ஓரத்துல ஒரு செடி நிக்கும். சாமி வெளக்குக்கு ஆகுதேன்னு ஆரும் வெட்டறதில்ல."

"யார் நட்டது?"

"இத ஆருங்க நடறாங்க? தானா மொளைக்கும். எருமைக்குப் பருத்திக்கொட்டை வெக்கறமல்ல, அதுல நாலு சிந்தும், நாலு சாணியோட வரும். கூட்டித் தள்ளறதெல்லாம் இந்தக் குழிக்குத்தான் வருது."

தானாக முளைத்தது. முந்தின நாள் வெயிலில் ருக்குமணி சொன்ன அதே வார்த்தை. மாட்டுத் தீவனத்துக்கான பருத்திக்கொட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ராசிபுரத்தில், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் மில்லில் என்றார். அந்த மில்லுக்கு வருவது சுற்றுப்பட்டுப் பருத்தி எல்லாம், அதாவது பிடி.

உள்ளே போய் என் பெட்டியை எடுத்து வந்தேன். ஒரு இலையைக் கிள்ளி நசுக்கினேன். முருகேசன் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், நான் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிட்டார். மூன்று பேரும் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது.

"உங்க காட்டுலயும் இந்தக் குப்பைதானே கொட்டுனீங்க?" என்று பூங்கொடி கணவரைக் கேட்டார்.

அவர் காட்டுக்குப் போவோம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவருடைய காட்டில் வரிசை தப்பி நின்ற செடிகளை மட்டும் தேடித் தேடி இலை கிள்ளினேன். ஏழு செடி பார்த்தேன், நான்கில் இரண்டு கோடு. முன்பு அவர் சோதித்தபோது வரிசையில் நின்ற செடிகளில் நாலு இலை பறித்துவிட்டு வந்திருக்கிறார். ருக்குமணி காட்டில் மட்டும், கொழுந்தனார்மேல் சந்தேகம் இருந்ததால், அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கிறார். அவரே சொன்னார்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல், "இது தெரிஞ்சது நாம மூணு பேருதானுங்க" என்றார்.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. நாங்கள் வாயை மூடிக்கொண்டால் ருக்குமணி ஒருத்தி போவார், இருபத்திரண்டு குடும்பம் தப்பிக்கும், கிள்ளானில் என் முதலாளிக்குப் பஞ்சு போய்ச் சேரும். 'கூடாது' என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான் நல்லவள் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஐந்து நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். வீட்டுக்குத் திரும்பி, குப்பைக்குழி ஓரத்துச் செடியை வேரோடு பிடுங்கினார். ஒரு இழுப்பில் வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுத்தார். "வண்டில பொறத்தாண்ட உக்காந்து இதப் புடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டார்.

மோட்டார் சைக்கிளில் ஆள் உயரச் செடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் யாராவது இருந்தால் என் கஷ்டம் புரியும். கிளை கண்ணைக் குத்தியது. பஞ்சு பறந்து தலைமுடியில் ஒட்டியது. வேர் மண் பின்சக்கரத்தில் உதிர்ந்து என் புடவை முழுவதும் தெறித்தது. பாதி வழியில் கிளை ஒன்று சக்கரத்தின் கம்பிகளில் சிக்கி வண்டி நின்றது. பள்ளிக்கூட வேன் ஒன்றும் எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். முருகேசன் யாரையும் பார்க்காமல் குனிந்து கிளையை ஒடித்து எடுத்தார்.

ருக்குமணி வீட்டு வாசலில் பஞ்சு காய வைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் செடியை அவர் முன்னால் போட்டார்.

"இது எங்கூட்டுக் குப்பக்குழியில நின்னது. இதுலயும் ரெண்டு கோடு. எங் காட்டுலயும் ரெண்டு கோடு. மாட்டுக்கு வெச்ச கொட்டைதாம் மொளச்சிருக்குது. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டன் அம்மிணி."

ருக்குமணி செடியைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் வீட்டுப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் குழி ஓரத்தில் ஒன்று நின்றது. பஞ்சில் ஒட்டியிருந்த சருகைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை.

"கோயிலுக்கு முன்னால வெச்சுச் சொன்னீங்க. இப்ப இங்க வந்து எங் காதுல சொன்னா ஆச்சுங்களா?"

"கிடங்குல சொல்றன். இன்னிக்கே சொல்றன்."

"சொன்னா எல்லாரு பஞ்சும் போயிருமே. நீங்க பேசாம இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாமுங்க" என்றார் முருகேசன். முதல் தடவையாக அவர் ருக்குமணியிடம் 'ங்க' போட்டதைக் கவனித்தேன்.

அன்று மாலைக் கூட்டத்தில் பெரிய சத்தம். முருகேசன் செடியைக் கிடங்குக்கு நடுவில் போட்டு நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு செடி நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "ஒரு பொம்பளைக்காக ஊரையே காட்டிக்கொடுத்துட்டயா?" என்று முருகேசனைக் கேட்டார். "அந்தப் பொம்பளையவும் நாந்தானுங்க காட்டிக்கொடுத்தன், இல்லாததச் சொல்லி. அப்ப நீங்க கையத் தட்டுனீங்க" என்றார் முருகேசன். வந்த நாளிலிருந்து அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்போது பிடித்தது.

நான்காம் நாள் விடிந்ததிலிருந்து காடு காடாக நடந்தோம். இந்த முறை வரிசை தப்பிய செடிகளை மட்டும் பார்த்தோம். என் செருப்பு அறுந்துவிட்டது. யாரோ ஒரு வீட்டிலிருந்து ரப்பர் செருப்பு கொடுத்தார்கள், இரண்டும் இடது கால் செருப்பு. மாலைக்குள் இருபத்து மூன்று காடும் முடிந்தன. பதினோரு காடு தேறியது. மாடே இல்லாதவர்கள், மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு மட்டும் வைக்கிறவர்கள், இப்படி. முருகேசன் காடு தேறவில்லை. ருக்குமணி காடும் தேறவில்லை. தேறாதவர்களின் பஞ்சு இந்த வருடம் சாதாரணப் பஞ்சோடு சேர்ந்து மில்லுக்குப் போகும். வரிசை தப்பிய செடிகளை இன்றே பிடுங்கி எரிக்க வேண்டும். அடுத்த விளைச்சலில் மறுபடியும் சோதனை.

இனி என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, பருத்திக்கொட்டை வைக்காவிட்டால் எருமைக்குப் பால் வற்றிவிடும் என்று எல்லாரும் கத்தினார்கள். ருக்குமணிதான் வழி சொன்னார். "முழுசா எதுக்கு வெக்கறீங்க? அரைச்சு வெச்சா மொளைக்காதில்ல. சோம்பேறித்தனப்பட்டுத்தான இப்படி ஆச்சு." என் பெட்டியும் காகிதப் பட்டையும் கண்டுபிடிக்காத வைத்தியம். மருதாணி வைத்ததுபோல் சாணிக் கறை ஏறிய விரல்களை மடக்கி மடக்கி, எந்தெந்த வீட்டில் மாவு அரைக்கும் மெஷின் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்.

கிள்ளானுக்குப் போன் செய்தேன். முதலாளி கத்தினார். பாதிச் சரக்கை வைத்து யார் சட்டை தைப்பது என்றார். சட்டைப் பட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் ருக்குமணி என்னை வரச் சொல்லியிருந்தார். அறிக்கையைப் பார்க்க வேண்டுமாம். முருகேசனையும் கூட்டிக்கொண்டு போனேன். அது ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம். காட்டின் பெயர், உரிமையாளர் பெயர், இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். அவர் பெயருக்கு நேரே 'இருக்கிறது' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன்.

"எப்படி வந்துச்சுன்னு எங்க எழுதியிருக்குது?"

அதற்கு இதில் கட்டம் இல்லை என்றேன்.

"கட்டம் இல்லீன்னா நீங்க எழுதக்கூடாதுங்களா?"

தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'இந்தக் காட்டின் உரிமையாளர் பிடி விதை வாங்கவும் இல்லை, ஊன்றவும் இல்லை. மாட்டுத் தீவனத்துக்கு வைத்த பருத்திக்கொட்டை எருவோடு காட்டுக்கு வந்து முளைத்தது.' கிள்ளானில் இதைப் படிக்க என்னைத் தவிர ஆள் இல்லை என்பதையும் சொன்னேன். பரவாயில்லை என்றார். சத்தமாக ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளை வாங்கி முருகேசனிடம் நீட்டினார். முருகேசன் பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, சங்கத்து முத்திரையும் வைத்தார். ருக்குமணி அதைத் தன் போனில் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு மோரோடு வந்தார்.

"குடிங்க. அன்னிக்கே குடுத்திருப்பன். குடுத்திருந்தா, சோதிக்க வந்தவங்களக் கவனிச்சுப்போட்டாள்னு சொல்லியிருப்பாங்க. மோரு தூக்குவாளில இருந்துச்சு. நீங்க வெயில்ல நிக்கறீங்க, நாக்கு வறண்டு போயி நிக்கறீங்க, நான் பாத்துட்டே நிக்கறன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க."

சொம்பை இரண்டு கையாலும் வாங்கினேன். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல். குடித்து முடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.